காபித்தூளில் சிக்கரி சேர்ப்பது கலப்படமா?

கேட்டவர், வீட்டில் வழக்கமாக வாங்கும் ஃபில்டர் காபித்தூள் பாக்கெட்டின் பின்பக்கத்தை முதல்முறையாகப் படித்திருக்கிறார். ‘காபி 60%, சிக்கரி 40%’ என்று போட்டிருந்ததாம். “இத்தனை நாளும் கலப்படத்தையா குடித்தோம்? இதை எப்படி அனுமதிக்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறார்.

நீங்கள் குடித்தது கலப்படம் இல்லை. எவ்வளவு கலந்திருக்கிறோம் என்று உங்களிடம் சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். அதே 40 சதவீதத்தைச் சொல்லாமல் கலந்திருந்தால் அது கலப்படம்.

நான் மயிலாடுதுறையில் ஒரு காபிப்பொடிக் கடையில் 11 வருடம் வேலை பார்த்தவன். கொட்டை வறுப்பது, அரைப்பது, எடை போட்டுக் கட்டிக் கொடுப்பது எல்லாம் என் வேலை. இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளில் ‘காபி-சிக்கரி கலவை’ தனி ஒரு பொருளாகவே இருக்கிறது. அதில் எடைக்கு 51 சதவீதமாவது காபி இருக்க வேண்டும். காபி எத்தனை, சிக்கரி எத்தனை என்று இரண்டையும் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். ஆக, சிக்கரி 49 வரை போகலாம். 53க்கு 47 என்று போட்ட பாக்கெட்டுகளைக் கடையில் பார்த்திருக்கிறேன். அதுவும் சட்டப்படி சரிதான். சிக்கரி இல்லாத காபி என்று சொல்லி விற்கிற தூளில் ஒரு சிட்டிகை சேர்த்திருந்தாலும் தப்பு.

சிக்கரி ஒரு செடியின் வேர். சூரியகாந்திக் குடும்பம், நீலப் பூ பூக்கும். வேர் பார்க்க வெளுத்த முள்ளங்கி போல இருக்கும். அதைத் துண்டு போட்டு, காய வைத்து, வறுத்து அரைக்கிறார்கள். நம் நாட்டில் குஜராத்தின் ஜாம்நகர்ப் பக்கமும் உத்தரப் பிரதேசத்தின் ஏட்டா பக்கமும் விளைகிறது. அந்த வேரில் இனுலின் என்ற மாவுப்பொருள் நிறைய உண்டு. வறுக்கும்போது அது சர்க்கரையாகிக் கருகி, பாகு காய்ச்சுவது போல ஒரு வாசனை வரும். சிக்கரியின் கருநிறமும் இனிப்பு கலந்த கசப்பும் அங்கிருந்து வருபவை. காஃபின் அதில் துளிகூடக் கிடையாது.

கடையில் சிக்கரி டின்னை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். ஐப்பசி மழையில் மூடியைச் சரியாக அழுத்தவில்லை என்றால் மறுநாள் காலையில் உள்ளே தூள் இருக்காது, ஒரே கட்டி. அவ்வளவு வேகமாக ஈரத்தை இழுக்கும். கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி உடைப்போம். விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டி, நக்கிப் பார்த்தால் லேசாக இனிக்கும். பக்கத்து டப்பாவில் இருக்கும் காபித்தூள் அதே மழையில் உதிரியாகவே இருக்கும்.

ஃபில்டருக்குள் நடப்பதும் இதேதான். வெறும் காபித்தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினால் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். சிக்கரி கலந்த தூள் நீரைக் குடித்து உப்பி, கீழே ஓட்டைகளுக்கு மேலே மெத்தை போல உட்காரும். டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். தண்ணீரும் தூளும் கூடுதல் நேரம் சேர்ந்திருப்பதால் காபியின் சாரமும் நன்றாக இறங்குகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் ‘கள்ளிச்சொட்டு’ என்று சொல்வோமே, பாலில் ஊற்றினால் கெட்டியாக விழுந்து பொன்னிறமாக மாறுகிற அந்தப் பதத்துக்குக் கொஞ்சம் சிக்கரி உதவி செய்கிறது. பால் நிறைய ஊற்றிக் குடிக்கிற நம் காபிக்கு அது பொருந்தும். பால் இல்லாமல் குடிக்கிறவர்களுக்கு நான் சிக்கரி போட்டுக் கொடுத்ததே இல்லை.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? என் கணக்கில் 20 சதவீதம், மிஞ்சினால் 25. கால் கிலோவுக்கு 200 கிராம் கொட்டை, 50 கிராம் சிக்கரி. அதற்கு மேல் போனால் டம்ளரில் நிறம் இருக்கும், மணம் இருக்காது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். டிகாக்‌ஷன் கறுப்பாக இருந்தால் திக்கான காபி என்று நம்புகிறார்கள். கறுப்பைச் சிக்கரியும் தரும். மூக்குக்கு வருகிற வாசனையையும், குடித்தபின் வரும் அந்தத் தெளிவையும் காபிக்கொட்டை மட்டும்தான் தரும். காபி திக்காக வேண்டும் என்றால் சிக்கரியைக் கூட்டாமல் கொட்டையை மாற்றுங்கள். பிளான்டேஷன் ஏ (அராபிகா வகைக் கொட்டையில் ஒரு தரம்), பீபெரி இரண்டோடும் ரொபஸ்டா என்ற இன்னொரு வகைக் கொட்டையைக் கொஞ்சம் சேர்க்கச் சொல்லுங்கள். ரொபஸ்டாவில் காஃபின் அராபிகாவைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. (பீபெரி என்பது வேறு ஜாதி இல்லை. ஒரு காபிப் பழத்தில் வழக்கமாகத் தட்டையாக இரண்டு விதை இருக்கும். ஒன்று மட்டும் வளர்ந்தால் அது உருண்டையாகிவிடும். அவ்வளவுதான்.)

இந்தக் கலவை நம் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. 1806இல் நெப்போலியன் பிரிட்டிஷ் வணிகத்துக்குத் தடை போட்டபோது காபி வரத்துக் குறைந்து, பிரான்சில் சிக்கரி பெருமளவில் பரவியது. இங்கிலாந்தில் 1850களின் தொடக்கத்தில் ஆர்தர் ஹில் ஹாசல் என்ற மருத்துவர் கடைக் காபித்தூளை எல்லாம் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, ‘சுத்தமான காபி’ என்று விற்றதில் பெரும்பாலானவற்றில் சிக்கரி இருப்பதை ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார். பெரிய சண்டை நடந்தது. முடிவில் அங்கே எடுத்த வழி, கலக்கலாம், ஆனால் கலவை என்று பொட்டலத்தின் மேல் எழுதி விற்க வேண்டும் என்பது. உங்கள் கையில் இருக்கும் பாக்கெட்டின் பின்பக்க வரிக்கு வயது 150க்கு மேல் என்று எனக்குத் தோன்றும். அதை மதித்துப் படிக்க வேண்டும் என்றும் தோன்றும்.

வீட்டில் சோதிக்க விரும்பினால் ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத்தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டீஸ்பூன் தூளை மேலே மெதுவாகத் தூவுங்கள், கலக்க வேண்டாம். காபித்தூள் எண்ணெய்ப் பசை உள்ளது, அதனால் மிதக்கும். சிக்கரி உடனே இறங்கத் தொடங்கும். ஒவ்வொரு துகளும் பின்னால் பழுப்பு நிறத்தில் ஒரு வால் விட்டுக்கொண்டே இறங்குவது கண்ணுக்குத் தெரியும். முதல் ஒரு நிமிடத்தில் பார்ப்பதுதான் கணக்கு. நேரமானால் ஊறிய காபித்தூளும் இறங்கிவிடும். சிக்கரி இருக்கிறதா என்பதை இது காட்டும், எத்தனை சதவீதம் என்பதைக் காட்டாது.

நானே ஒருமுறை ஏமாந்தேன். வேலையை விட்டு வேறு ஊருக்குக் குடிபோன பிறகு ஒரு கடையில் ‘எண்பது இருபது’ என்று கேட்டு வாங்கினேன். ஏற்கெனவே அரைத்து வைத்திருந்த தூளைக் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் பிரித்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்ததும் புரிந்துவிட்டது, அப்படியே ஒட்டிக்கொண்டது. குடித்தால் வெல்லப்பாகு வாசனை. பாதிக்குப் பாதி இருக்கும். 20 என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு 50 போடுவது திருட்டு. காபிக்கொட்டை விற்கிற விலைக்கும் சிக்கரி விலைக்கும் நடுவில் இருக்கும் தூரம் அப்படி. அன்றிலிருந்து கண்முன்னால் கொட்டையைத் தராசில் போட்டு, சிக்கரியைத் தனியாக எடை போட்டு, அதன் பிறகு அரைத்துக் கொடுக்கிற கடையில்தான் வாங்குகிறேன். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் வேலை பார்த்த கடையில் யாரும் கேட்காமலே தராசை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைப்போம். பாக்கெட்டில் விகிதமே போடாமல் விற்பதைப் பார்த்தால் உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 60-40 பழகிய நாக்குக்கு ஒரேயடியாகச் சிக்கரியை நிறுத்தினால் காபி தண்ணீராகத் தெரியும், புளிப்புத் தட்டும். முதலில் 70-30இல் 100 கிராம் மட்டும் வாங்குங்கள். அது தீர்ந்ததும் 80-20. ஃபில்டரில் தூளை அமுக்கித் திணிக்காமல் லேசாகச் சமன் செய்து, கொதித்து அடங்கிய வெந்நீரைச் சுற்றிலும் ஊற்றி, மூடிவிட்டு 20 நிமிடம் தொடாமல் விடுங்கள். 80-20இல் டிகாக்‌ஷன் சற்று வேகமாக இறங்கும், அதற்காக ஒரு ஸ்பூன் தூள் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.