கழுகு ராஜினாமா செய்வதில்லை

கேள்வி: கழுகு 40 வயதில் மலை உச்சிக்குப் போய், வளைந்த அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களையும் இறகுகளையும் பிடுங்கிப் போட்டு, 150 நாள் காத்திருந்து, எல்லாம் புதிதாய் முளைத்தபின் இன்னும் 30 வருடம் வாழ்கிறதாமே! எனக்கு வயது 41. பழையதை மொத்தமாக உதறிவிட்டு வேலையை விடப்போகிறேன். சரிதானே?
– பெயர் வேண்டாம், கரூர்

பதில்: வாட்ஸ்அப்பில் மட்டும் பறக்கிற கழுகு அது. முதலில் வயதுக் கணக்கே உதைக்கிறது. காட்டில் வாழ்ந்த வெண்தலைக் கழுகுகளில் பதிவான மிக மூத்ததற்கு வயது 38. 1977ல் காலில் வளையம் மாட்டிய பறவை, 2015ல் நியூயார்க் மாநிலத்தில் வண்டி மோதிச் செத்தது. மலை ஏறவேண்டிய வயதே அதற்கு வரவில்லை.

அலகு என்பது எலும்பின் மேல் நம் நகம் மாதிரி ஓர் உறை. வாழ்நாள் முழுக்க வளரும். இரையைக் கிழித்தும் கிளையில் உரசியும் தேய்ந்து, அளவோடு நிற்கும். நுனி கொஞ்சம் உடைந்தால் வளர்ந்துவிடும். உள்ளிருக்கும் எலும்பு போனால் போனதுதான். கறியைக் கிழிக்க அலகு இல்லாமல் 150 நாளா? அதற்கு வெகு முன்பே பட்டினியில் கதை முடிந்துவிடும்.

நிஜக் கழுகு இறகு மாற்றுகிற விதம் இதைவிட சுவாரசியம். ஒவ்வொரு சிறகின் நுனிப் பகுதியிலும் 10 பெரிய இறகுகள். அவற்றை ஒன்றிரண்டாகத்தான் உதிர்க்கும். இடப்பக்கம் ஒன்று விழுந்தால், பெரும்பாலும் வலப்பக்கமும் அதே இடத்து இறகு விழும்; பறக்கும்போது ஒரு பக்கம் சாயாது. பெரிய கழுகு சிறகை முழுக்கப் புதுப்பிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அத்தனை நாளும் வேட்டைக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். எதையும் பிடுங்குவதுமில்லை. அதே குழியில் முளைக்கிற புது இறகு அடியிலிருந்து தள்ள, பழையது தானே கழன்று விழுகிறது. வளர்கிற இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடும்; அந்த நேரத்தில் ஒடித்தால் கொட்டும். செலவும் அதிகம். வீட்டுக் கோழி இறகு உதிர்க்கும்போது முட்டையை நிறுத்திவிடுவதைப் பார்த்திருப்பீர்களே, இரண்டுக்கும் சேர்த்துத் தீனி கட்டாது.

மொத்தமாக உதறுகிற பறவையும் உண்டு: காட்டு வாத்து. பறக்கும் இறகுகளை ஏறக்குறைய ஒரே சமயத்தில் கொட்டிவிட்டு, மூன்று நான்கு வாரம் பறக்க முடியாமல் கிடக்கும். பதுங்கக் கோரை இருக்கிறது, தீனி காலடித் தண்ணீரிலேயே கிடைக்கிறது, தாங்குகிறது. உங்கள் கடிதத்தில் வயது இருக்கிறது, வேலையை விடுவது இருக்கிறது. அடுத்த வேலை என்ன, கையில் எத்தனை மாதச் சாப்பாடு என்று ஒரு வரியும் காணோமே?