பழைய ஸ்காட்லாந்தில் 'சாப்மன்' என்று யாரைச் சொன்னார்கள்?

முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்தே போய் விற்கிறவர்தான் சாப்மன். ஊசி, நூல், ரிப்பன், சீப்பு மாதிரி சில்லறைச் சாமான்கள்தான் சரக்கு, அதோடு ஒரே தாளில் அச்சடித்து மடித்த, பெரும்பாலும் 8 முதல் 24 பக்கம் வரை வரும் மலிவுப் புத்தகங்களும் இருக்கும். பேய்க்கதை, நாட்டுப்பாட்டு, நையாண்டி எல்லாம் அதில் உண்டு. கடையே இல்லாத கிராமத்தில் இவர் வந்தால்தான் படிக்க ஏதாவது கிடைக்கும், ஊர்ச் செய்தியும் கூடவே வரும்.

டூகல் கிரகாம் என்று ஒருவர் இப்படித்தான் விற்றுத் திரிந்தார். 1745-இல், பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மறுபடி அரியணை ஏற்றக் கிளம்பிய ஜாக்கோபைட் கலகப் படையின் பின்னாலேயே போய், பார்த்ததை எல்லாம் பாட்டாக எழுதி 1746-இல் புத்தகமாகவும் போட்டுவிட்டார்! பிற்பாடு கிளாஸ்கோ நகரில் மணியடித்து அறிவிப்புச் சொல்லும் வேலை பார்த்தார்.

அப்புறம், இந்தச் சாப்மன்கள் உள்ளூரோடு நிற்கவில்லை. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஏராளமான ஸ்காட்லாந்துக்காரர்கள் போலந்துக்குப் போய் இதே தொழில் செய்தார்கள். வில்லியம் லித்கோ என்ற பயணி அங்கே 30,000 ஸ்காட்டியக் குடும்பங்கள் இருப்பதாக எழுதிவைத்தார், அது ரொம்ப மிகை என்றுதான் எனக்குப் படுகிறது.