அந்தக் காதல் எதுக்கு?

வணக்கம் அக்கா, நீங்க சொல்லித்தான் ரிவர்ஸ் சாலமனோட 'த டீப்' குறுநாவல் படிச்சேன். அடிமைக் கப்பல்லேர்ந்து கடல்ல தள்ளின ஆப்பிரிக்கக் கர்ப்பிணிகளோட பிள்ளைங்க தண்ணிக்கடியில தனி இனமா வாழறாங்கங்கற கற்பனை உலுக்கிடுச்சு. ஆனா நடுவுல யேட்டுவுக்கும் ஊரிக்கும் காதல் எதுக்கு? இவ்வளவு பெரிய துயரத்துக்குள்ள க்வியர் விஷயத்தை, அதாவது ஆண்-பொண்ணு வழக்கத்துக்கு வெளிய இருக்கற காதலை, வலிய நுழைச்ச மாதிரி பட்டுச்சு. தப்பா கேட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க.
- ஆர்.

தம்பி,

மன்னிப்பெல்லாம் எதுக்கு, முதல் தடவை நானும் அந்தப் பக்கங்களை விறுவிறுன்னு தாண்டிப் போனவதான்.

அவங்க ஜனம் முழுக்க பழசை மறந்துட்டு நிம்மதியா நீந்துது, எல்லாரோட நினைவையும் பதினாலு வயசுலேர்ந்து யேட்டு ஒருத்தியே சுமக்கறா, வருஷத்துக்கு ஒருக்கா சடங்குல மத்தவங்களுக்குக் கொடுத்துட்டு திரும்ப வாங்கிக்கணும், தாங்க முடியாம ஒரு தடவை பாதியிலயே அவங்க தலையில போட்டுட்டு ஓடிடறா. கரையோரக் குட்டையில அடிபட்டுக் கெடக்கும்போது ஊரி வர்றா. ஊரி யாரு? கரையில வாழற மனுஷி, அவளோட சொந்த ஜனத்துல மிச்சமிருக்கற கடைசி ஆள். நினைவே வேணாம்னு யேட்டு சொல்லச் சொல்ல ஊரிக்கு அப்படி ஒரு கோபம், எவ்வளவு வலிச்சாலும் பரவால்ல, என் ஜனத்தோட நினைவு எனக்கு வேணும்ங்கறா. இதையே ஒரு பெரியவங்க சொல்லியிருந்தா உபதேசமா போயிருக்கும், பிடிச்சவ சொல்றதாலதான் யேட்டுவுக்குச் சுருக்குன்னு தைக்குது.

இந்தக் கதையோட வேர் அமெரிக்காவுல டிட்ராய்ட் நகரத்து ட்ரெக்ஸியாங்கற டெக்னோ இசை ஜோடிகிட்ட இருக்கு, அதை க்ளிப்பிங் குழு 2017ல ராப் பாட்டாக்கினாங்க, குறுநாவல் வந்தது 2019ல. பாட்டுல ஊரி கெடையாது, அதனால சாலமன் கொண்டுவந்து சேர்த்ததுன்னு நீங்க சொன்னா சரிதான், ஆனா ஒட்டாம நிக்குதுன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

1781ல ஸாங்னு ஒரு அடிமைக் கப்பல்லேர்ந்து 130 ஆப்பிரிக்கருக்கு மேல கடல்ல தள்ளிட்டு, சரக்கு நஷ்டம்னு இன்சூரன்ஸ் பணம் கேட்டாங்க, லண்டன் கோர்ட் வரைக்கும் போச்சு. கேஸ் கொலைக்கு இல்ல, பணத்துக்கு! அப்படி உடம்பைச் சரக்கா கணக்கெழுதின காலத்துலேர்ந்து கெளம்பின வம்சம் இது, அதுல வந்த யேட்டு, எங்க ஜனத்துல ஆணா பொண்ணா ரெண்டுமா ரெண்டுமில்லையான்னு அவங்கவங்களே சொல்லிக்கறதுதான்னு பிடிச்சவகிட்ட சாதாரணமா பேசறா. அதைப் போய் எப்படி வெட்டச் சொல்றது?

எனக்குக் குறை வேற இடத்துல, முடிவுப் பக்கங்கள் ரொம்ப அவசரம். நீங்க ஊரி மீன் கொண்டுவந்து போடற இடத்துலேர்ந்து இன்னொரு தடவை படிங்க, அப்புறம் எழுதுங்க.