பள்ளி நண்பர்கள் சேர்ந்தாலே அரையாண்டு லீவு கதையைப் பேசுவது ஏன்?

டிசம்பர் வந்தாலே உங்கள் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் அதே அரையாண்டு லீவு கதைதான் ஓடுகிறது, சலிப்பாக இருக்கிறது, அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் அந்த லீவில் ஆச்சி வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளையாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கதையில் நீங்கள் இல்லை. அதான்.

முழு ஆண்டு லீவு சொந்தக்காரர்களுக்கானது. மே மாதம் எங்கள் தெருவில் ஒரு பயல் இருக்க மாட்டான். ஒருத்தன் சங்கரன்கோவில், ஒருத்தன் மதுரை, நான் சாத்தான்குளம். அரையாண்டு அப்படியில்லை. பரீட்சை டிசம்பர் 22, 23 வாக்கில் முடியும், புது வருஷம் பிறந்ததும் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். இந்த நாலு நாளுக்குப் பஸ் காசு தண்டம் என்று வீட்டில் எங்கும் விட மாட்டார்கள். மொத்தக் கூட்டமும் ஊரிலேயே கிடக்கும். இந்த ஒரு லீவுதான் கூட்டாளிகளோடு கழிந்தது.

எங்கள் ஊர் பாளையங்கோட்டை. ராத்திரி வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போகும் கீத பவனி, விடியக்காலை மார்கழி பஜனை. இரண்டுக்கும் ஒரே கூட்டம்தான் போகும். பவனி நிற்கிற வீட்டில் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் கிடைக்கும். விடியுமுன் ராஜகோபாலசாமி கோயிலுக்குப் போனால் சூடாக வெண்பொங்கல் கையில் விழும். உடனே மத நல்லிணக்கம் என்று யாரும் கண் கலங்க வேண்டாம், அதெப்படிப் போகலாம் என்று சண்டைக்கும் வர வேண்டாம். தீனிக்குப் போனோம், அவ்வளவுதான்.

அக்காமார்களுக்கு வேலை வேறு. வாசல் கோலத்தில் சாணி உருண்டையில் செருகிய பூசணிப்பூவைச் சாயங்காலம் சாணியோடு சேர்த்து எருவாகத் தட்டிக் காய வைப்பார்கள். தையில் பெண் பிள்ளைகள் சின்ன வீடு கட்டி வைக்கும் சிறுவீட்டுப் பொங்கல் முடிந்ததும் அதையெல்லாம் தாமிரபரணியில் விட வேண்டும். பூ கொண்டு வருவது தம்பிமார் பொறுப்பு. யார் வீட்டுக் கொடியிலிருந்து என்று கேட்கக் கூடாது.

எங்கள் குரூப்பில் வருஷா வருஷம் ஓடுவது கேக் கதை. அப்போது எங்கள் தெருவில் யார் வீட்டிலும் ஓவன் கிடையாது. மாவை வீட்டில் கலந்து, தகர டிரேயில் ஊற்றிப் பேக்கரியில் கொடுத்தால் சுட்டுத் தருவார்கள். எங்களுக்குக் கணக்கு எடுத்த டீச்சர் கேக்குக்குப் பேர்போனவர்கள். அவர்கள் மகன் எங்கள் செட்டு. சீனியைக் கருக்கி ஊற்றுகிற பக்குவத்தை டீச்சர் யாருக்கும் சொல்லித் தர மாட்டார்கள். அந்த டிரேயைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போனபோது பேக்கரியில் நெரிசல். டிரே விளிம்பில் பேர் எழுதிய துண்டுச் சீட்டை மாவைத் தொட்டே ஒட்டியிருந்தோம். விறகு அடுப்பு வெக்கையில் எல்லாச் சீட்டும் கருகிப்போய், ஆளுக்கொரு டிரேயைப் பிடித்து இழுக்க, பேக்கரி அண்ணாச்சி "எல்லாம் ஒரே மாவுதாம்ல, எடுத்துட்டுப் போங்க" என்று ஒன்றைத் தூக்கிக் கையில் தந்துவிட்டார். வரும் வழியில் ஓரத்தைக் கிள்ளித் தின்னும்போதே தெரிந்துவிட்டது, இது டீச்சர் கேக் இல்லை. அதைவிட நன்றாக இருந்தது. வீட்டில் டீச்சர் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "இந்த வருசந்தாம்ல பதம் சரியா வந்திருக்கு" என்றார்கள். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை, மகன் உட்பட.

அந்தக் காலம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. மொத்த வினாத்தாளையும் விடையோடு எழுதி வரச் சொல்லி லீவின் கடைசி இரண்டு நாளைக் கெடுத்தார்கள். 1992 நவம்பர் வெள்ளத்தில் ஆற்றங்கரைக் கூட்டாளி ஒருத்தன் வீடே போய்விட்டது. அந்த லீவு முழுக்க எங்கள் வீட்டு மச்சில்தான் இருந்தான். கேக் கதைக்குச் சிரிப்புப் பொம்மை போடுவதோடு சரி, அவன் குரூப்பில் வேறு எதுவும் எழுத மாட்டான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணியும் மறுபடி ஊருக்குள் வந்தபோது, ஆள் ஆளாகப் போன் அடித்து யார் வீட்டில் தண்ணீர் என்று கணக்கெடுத்தது அவன்தான்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். லீவில் வகுப்பு வைக்காதே என்று கல்வித்துறை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. என் மகள் பத்தாவது படிக்கிற பள்ளி, பேர் வேண்டாம், அதற்கு 'டவுட் கிளியரிங்' என்று பேர் மாற்றி, யூனிஃபார்ம் போடாமல் கலர் டிரஸ்ஸில் வரச் சொல்கிறது. கலர் டிரஸ்ஸில் வந்தால் அது வகுப்பு இல்லையாம்! சண்டை போடக் கிளம்பினேன். மகள்தான் தடுத்தாள். "சும்மா இருங்கப்பா, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அங்கதான் இருக்காங்க." அதற்கு மேல் நான் என்ன பேச?

டீச்சருக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. பேரன் போன் வாங்கிக் கொடுத்ததும், யாரோ ஒரு அதிகப்பிரசங்கி அவர்களையும் குரூப்பில் சேர்த்துவிட்டான். இந்த டிசம்பரில் கேக் கதையை எடுக்க ஒருத்தனுக்கும் தைரியம் வரவில்லை. அவ்வளவு சலிப்பாக இருந்தால் நீங்களும் உங்கள் குரூப்பில் ஒரு டீச்சரைச் சேர்த்துப் பாருங்கள்.