குளவிக்கும் பெவேரியா அடிக்கலாமா?

கேள்வி: கத்தரியில் வெள்ளை ஈக்கு நாங்கள் பெவேரியா பேசியானா தெளிக்கிறோம், நன்றாகவே கேட்கிறது. நியூசிலாந்தில் இருக்கும் என் மகன், அங்கே காட்டுக்குள் கால் வைக்க முடியாத அளவுக்குக் குளவி என்கிறான். அதே பூஞ்சையை அதற்கும் அடித்தால் என்ன?
– ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: அடிக்கலாம், குளவி சாகும். கூடு சாகாது, அதுதான் சிக்கல்.

மகன் மிகைப்படுத்தவில்லை. அங்கே தொல்லை தருவது நம் வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் வேட்டுவன் குளவி இல்லை. மண்ணுக்கடியில் ஆயிரக்கணக்கில் கூடி வாழும் மஞ்சள், கறுப்புப் பட்டைக் குளவி. ஜெர்மன் குளவி என்ற இனம் 1945-இல் விமான உதிரிபாகப் பெட்டிகளுக்குள் ஒளிந்து ஹாமில்டனுக்கு வந்து சேர்ந்தது, இன்னொரு ஐரோப்பியக் குளவி 1970-களின் கடைசியில் காலூன்றியது. தென் தீவின் வடக்கே பீச் மரக் காடுகளில் மரப்பட்டையில் வாழும் செதில் பூச்சிகள் சொட்டுச் சொட்டாக இனிப்பு நீர் விடும். காகா கிளியும் துயி பறவையும் குடிக்க வேண்டிய அதைக் குளவிகள் குடித்துக் கொழுத்து, ஹெக்டேருக்குச் சராசரியாக 12 கூடுகள் என்ற கணக்கில் பெருகிவிட்டன.

பூஞ்சை வேலை செய்யும் விதம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: வித்து தோலில் ஒட்டி முளைத்து, துளைத்து உள்ளே போய், சில நாளில் கொல்லும். ஆய்வகத்தில் பெவேரியாவும், மெட்டாரைசியம் என்ற இன்னொரு பூச்சிக்கொல்லிப் பூஞ்சையும் இந்தக் குளவிகளையும் கொல்கின்றன. ஆனால் குளவிக்கூட்டில் செத்ததை மற்றக் குளவிகள் உடனே வெளியே தூக்கிப் போட்டுவிடும். பிணத்தின் மேல் பூஞ்சை பூத்து அடுத்த வித்துகள் பரவுவதற்குள் பிணமே அங்கே இருக்காது! வெள்ளை ஈயிடம் இந்தச் சுத்தபத்தம் எல்லாம் கிடையாது.

சரி, இரையில் கலந்து வைக்கலாமே என்பீர்கள். தோல் வழியாக நுழைகிற பூஞ்சையைத் தின்னக் கொடுத்துப் பெரிய பலன் இல்லை. கூட்டுக்குள்ளேயே தூவலாம், ஆனால் காட்டில் ஒவ்வொரு கூடாகத் தேடிக் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் பூஞ்சை எதற்கு, பூச்சிமருந்துத் தூளே போதுமே. அங்கே குளவிகளை இயற்கையாகவே தாக்கும் பூஞ்சை ஒன்றும் உண்டு, அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்குவதும் அதுவேதான், அதைப் போய் யார் வளர்த்துத் தூவுவார்கள்?

என் கணிப்பில், நோயுற்ற குளவி கூட்டுக்குள்ளேயே நோயைப் பரப்பும்படியான பூஞ்சை ரகம் கிடைக்கும்வரை இந்த வழி அங்கே எடுபடாது. இப்போது கைகொடுப்பது 0.1 சதவீதம் ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்து கலந்த புரத இரை. வெஸ்பெக்ஸ் என்ற பெயரில் 2015 முதல் புழக்கத்தில் இருக்கிறது. குளவி அதைக் கூட்டுக்கு எடுத்துப்போய்ப் புழுவுக்கு ஊட்டும், கூடே அழியும். இனிப்பு இல்லாததால் தேனீ அந்தப் பக்கம் வராது. மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: முதலில் மருந்தில்லாத இரையை வைத்துக் குளவி மொய்க்கிறதா என்று பார்க்க வேண்டும், அவை இனிப்பை மட்டும் தேடும் நாட்களில் மருந்து வைத்தால் வீண்.