பையர் வேலையைக் காட்ட முடியாத பேட்டர்ன் மாஸ்டர் எதைக் காட்டுவது?

கேள்வி: திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் 11 ஆண்டுகளாகக் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் (துணி வெட்டும் அளவு வடிவம்), கிரேடிங் (அதை மற்ற சைஸ்களுக்கு மாற்றுவது), மார்க்கர் (துணியில் துண்டுகளை அடுக்கும் வரைபடம்) போடுகிறேன். தனியாக ஃப்ரீலான்ஸ் செய்ய ஆசை. லிங்க்ட்இன்னில் தினமும் பதிவு போடச் சொல்கிறார்கள். எனக்கு எழுத வராது, ஆங்கிலமும் சுமார்தான். செய்த வேலை எல்லாம் ஆர்டர் கொடுக்கும் பையருக்குச் சொந்தம் என்பதால் வெளியே காட்டவும் முடியாது. எங்கே தொடங்குவது?

பதில்: தினமும் பதிவு போடச் சொல்பவர்களில் பலருக்குப் பதிவு போடுவதுதான் தொழிலே. உங்களுக்கு விடாமல் வேலை கொடுக்கும் பத்துப் பதினைந்து பேர் கிடைத்தால் போதும். சொந்தமாக டி-ஷர்ட் பிராண்டு ஆரம்பித்து, மூன்றாவது சேம்பிளும் சரியாக வராமல் ஒருவர் தவித்துக்கொண்டிருப்பார். அவர் உங்கள் பக்கத்தைப் பார்த்ததும் 'இவருக்கு விஷயம் தெரியும்' என்று நினைக்க வேண்டும். ஐயாயிரம் லைக் வந்தாலும் அவர் கண்ணில் படாவிட்டால் பிரயோஜனம் இல்லை.

பையரின் டெக் பேக் (ஆடையின் முழு விவரக் கோப்பு), ஸ்டைல் நம்பர், சேம்பிளின் அளவைப் பற்றி வரும் ஃபிட் கமெண்ட் மெயில் எதையும் தொடாதீர்கள். லோகோவை மறைத்துப் போட்டாலும் வேண்டாம். வேலை கொடுக்க வருபவர் 'நாளைக்கு என் டிசைனையும் இப்படித்தானே போடுவார்' என்றுதான் முதலில் யோசிப்பார். சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட் ஒன்றுக்கு நீங்களே ஸ்பெக் (அளவுப் பட்டியல்) எழுதுங்கள். எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை கிரேடிங், மார்க்கர், தைத்த சேம்பிள் எல்லாம் உங்கள் பெயரில் இருக்கும். துணிக்கும் தையலுக்கும் திருப்பூரில் என்ன பஞ்சம்?

அந்த ஒரே டி-ஷர்ட்டில் பல மாதப் பதிவு இருக்கிறது. துணி நீளவாக்கில் 8 சதவீதம் சுருங்கும், துவைத்த பின் 70 செ.மீ. உயரம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலரும் 70-க்கு 8 சதவீதம் கூட்டி 75.6 செ.மீ. போட்டுவிடுவார்கள். துவைத்ததும் அது கிட்டத்தட்ட 69.5-க்கு வந்து நிற்கும். சுருக்கம் கணக்காவது வெட்டிய நீளத்தில். அதனால் 70-ஐ 0.92-ஆல் வகுத்து 76.1 போட வேண்டும். அரை சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். டாலரன்ஸ் (அனுமதிக்கும் வித்தியாசம்) ஒரு சென்டிமீட்டர் என்றால் பாதி இங்கேயே போய்விட்டது, மீதியில்தான் கட்டிங்கும் தையலும் பிழைக்க வேண்டும்! இது உங்களுக்கு அன்றாட விஷயம். சேம்பிளுக்குப் பணம் கட்டி நொந்துபோன புது பிராண்டுக்காரருக்கு இது பெரிய வெளிச்சம். துவைப்பதற்கு முன்பும் பின்பும் டேப் வைத்து எடுத்த இரண்டு படம், கீழே நான்கு வரி. டேப்பில் தெரியும் எண்ணுக்கு ஆங்கில இலக்கணம் தேவையில்லை.

அடுத்த முறை, கழுத்துப் பட்டையான ரிப்பின் நீளம் கூடினால் நெக் ஏன் அலையடிக்கிறது என்று காட்டுங்கள். மாதத்துக்கு இரண்டு பதிவு தாராளம்.

சரி, லிங்க்ட்இன் பக்கம். பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனுக்கு 220 எழுத்து வரை இடம் உண்டு. தேடலில் முழுதும் தெரியாது, அதனால் முதல் சில சொற்களிலேயே வேலை வந்துவிட வேண்டும். 'பேஷனேட் புரொபஷனல்' மாதிரி அலங்காரமெல்லாம் அங்கே இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். நிட்வேர் பேட்டர்ன், கிரேடிங், மார்க்கர், திருப்பூர், அப்புறம் நீங்கள் ஓட்டும் சாஃப்ட்வேரின் பெயர். பேட்டர்ன் சாஃப்ட்வேர் நிறுவனமான ஜெர்பரை, அதே துறையின் லெக்ட்ரா 2021-லேயே வாங்கிவிட்டாலும் இரண்டின் சாஃப்ட்வேரும் தெரியும் என்றால் இரண்டையும் எழுதுங்கள், தேடுபவர் தனக்குப் பழகிய பெயரைத்தான் தட்டுவார். வேறு சாஃப்ட்வேரிலும் திறக்கக்கூடிய டிஎக்ஸ்எஃப் ஃபைலாகத் தர முடியும் என்பதையும் சேருங்கள். உங்கள் டி-ஷர்ட்டின் ஸ்பெக், கிரேடிங் படம், மார்க்கர் மூன்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி 'ஃபீச்சர்டு' பகுதியில் வையுங்கள்.

உள்நாட்டுச் சின்ன பிராண்டுகள் இன்ஸ்டாகிராமில்தான் அதிகம் புழங்குகின்றன, அதனால் அதே படங்களை அங்கேயும் போடுங்கள். அப்வொர்க் மாதிரி ஃப்ரீலான்ஸ் வேலைத் தளங்களைப் பிறகு பார்க்கலாம். அப்வொர்க்கில் ஒவ்வொரு வேலைக்கும் விண்ணப்பிக்க, காசு கொடுத்து வாங்கும் 'கனெக்ட்ஸ்' என்ற டோக்கன் செலவாகும். காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனால் காசுதான் கரையும்.

கூட வேலை பார்த்து வேறு நிறுவனத்துக்குப் போய்விட்ட மெர்ச்சன்டைசர்கள் (பையரோடு பேசி ஆர்டரை நடத்துபவர்கள்) இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களிடம் லிங்க்ட்இன் பரிந்துரை கேளுங்கள். 'நல்லவர், வல்லவர்' என்ற ரகம் வேண்டாம். எத்தனையாவது சேம்பிளில் ஃபிட் ஓகே ஆனது, துணி கன்சம்ப்ஷனை (ஒரு ஆடைக்கு ஆகும் துணி) எப்படிக் குறைத்தீர்கள் என்று ஒரு விஷயத்தை மட்டும் எழுதச் சொல்லுங்கள். பையர் பெயர் அதிலும் வேண்டாம்.

இதையெல்லாம் தொடங்கும் முன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். வேலையில் இருக்கும்போது வெளி வேலை கூடாது என்ற ஷரத்து இருந்தால், விலகும்வரை உங்கள் சொந்த சேம்பிளையும் குறிப்புகளையும் மட்டும் போடலாம், ஆர்டர் பிடிக்கக் கூடாது. கம்பெனி கம்ப்யூட்டரையும் லைசென்ஸையும் அதற்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

முதல் விசாரணை வாட்ஸ்அப்பில் வந்ததும் ரேட்டை அனுப்பிவிடாதீர்கள். என்ன துணி, எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), ஷ்ரிங்கேஜ் (சுருக்கம்) ரிப்போர்ட் இருக்கிறதா, எந்த சைஸுக்கு பேஸ் பேட்டர்ன் (மற்ற சைஸ்களுக்கு அடிப்படையான பேட்டர்ன்) என்று கேளுங்கள். உங்கள் அனுபவம் அந்தக் கேள்விகளிலேயே தெரிந்துவிடும். ஃபைல் அனுப்பும்போது 'ஃபைனல்-2' என்று பெயர் வைக்காமல் ஸ்டைல், சைஸ், தேதி, எத்தனையாவது திருத்தம் என்று வையுங்கள். அதை அவர் கட்டிங் மாஸ்டருக்கும் யூனிட்டுக்கும் அப்படியே ஃபார்வர்டு செய்வார், கூடவே உங்கள் நம்பரும் போகும்.