பலமும் ஒப்புதலும்: அமெரிக்க வெளியுறவு குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: 2003 ஈராக் போரில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, போலந்து படைகளும் இருந்தனவே. அதைத் தன்னிச்சையான போர் என்பது சரியா?

பதில்: உடன் சென்றோரின் எண்ணிக்கை இதைத் தீர்மானிப்பதில்லை, அனுமதி அளிக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பதே கேள்வி. குவைத்திலிருந்து ஈராக்கை வெளியேற்றத் தேவையான எல்லா வழிகளையும் கையாளலாம் என்று 1990 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 678ஆம் தீர்மானம் இசைவளித்தது. 2002 நவம்பரில் ஒருமனதாக நிறைவேறிய 1441ஆம் தீர்மானமோ, ஈராக்குக்கு இறுதி வாய்ப்பு அளித்துக் கடும் விளைவுகள் நேரும் என்று எச்சரித்ததே தவிர, படைபலத்தைப் பயன்படுத்த அனுமதிப்பதாக எங்கும் கூறவில்லை. அந்தக் குறையை நிரப்பக் கொண்டுவரப்பட்ட மற்றொரு தீர்மான வரைவுக்குப் போதிய ஆதரவு கிடைக்காததால் 2003 மார்ச் 17 அன்று அது கைவிடப்பட்டது. மார்ச் 20 அன்று போர் தொடங்கிவிட்டது. அவையிடம் கேட்டு, கிடைக்காதபோது அதை ஒதுக்கிவிட்டுச் சென்றதனால்தான் அது தன்னிச்சையானது என்கிறேன்.

கேள்வி: அதனால் அமெரிக்காவுக்கு என்ன இழப்பு?

பதில்: 1991 வளைகுடாப் போருக்கு ஆன ஏறத்தாழ 6,100 கோடி டாலரில் பெரும்பகுதியைச் சவுதி அரேபியா, குவைத், ஜப்பான், ஜெர்மனி முதலிய நாடுகள் ஏற்றுக்கொண்டன. 2003இல் அப்படிப் பங்கிட்டுக்கொள்ள எவரும் முன்வரவில்லை. நேட்டோ ராணுவக் கூட்டணியில் அமெரிக்காவுடன் இருக்கும் துருக்கியின் நாடாளுமன்றமே, தன் மண்ணிலிருந்து அமெரிக்கப் படைகள் வடக்கு ஈராக்குக்குள் நுழைய மார்ச் 1 அன்று இசைவு தர மறுத்தது.

கேள்வி: இது 2003இல் ஆட்சியிலிருந்த புஷ்ஷின் குடியரசுக் கட்சியின் போக்கு மட்டும்தானா?

பதில்: இல்லை. 1999இல் ஜனநாயகக் கட்சியின் கிளிண்டன் ஆட்சிக் காலத்தில், கொசோவோ விவகாரத்தில் யூகோஸ்லாவியா மீது நேட்டோ 78 நாள் குண்டு வீசியதற்கும் பாதுகாப்பு அவையின் அனுமதி கிடையாது. ஆனால் அன்று கூட்டணியின் 19 நாடுகளும் இசைந்திருந்தன என்பது சிறிய வேறுபாடு அல்ல.

கேள்வி: படை இல்லாமலும் இவ்வாறு தன்னிச்சையாக நடக்க முடியுமா?

பதில்: என் கணிப்பில் அதுவே இன்று கூடுதல் வலிமை வாய்ந்த வழி. ஈரானின் அணுத் திட்டத்தைக் கட்டுப்படுத்தும் 2015 உடன்பாட்டைப் பாதுகாப்பு அவை 2231ஆம் தீர்மானத்தின் மூலம் ஏற்றிருந்தும், 2018 மே மாதம் டிரம்ப் அதிலிருந்து விலகி, ஈரான் மீது மீண்டும் பொருளாதாரத் தடைகளை அறிவித்தார். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி ஆகியவை உடன்பாட்டில் நீடித்தன; ஆயினும் அமெரிக்க வங்கிகளின் வழியாக நடைபெறும் டாலர் பரிவர்த்தனையை இழக்க அஞ்சி, பிரெஞ்சு எண்ணெய் நிறுவனமான டோட்டல் ஈரானை விட்டு வெளியேறியது. இத்தடைகளிலிருந்து அமெரிக்கா அளித்திருந்த விலக்கு முடிந்ததும், 2019 மே மாதத்துடன் இந்தியாவும் ஈரானிய எண்ணெய் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. டாலரைத் தவிர்த்து வணிகம் செய்ய ஐரோப்பியர்கள் 2019இல் தொடங்கிய இன்ஸ்டெக்ஸ் என்ற அமைப்பு, மருத்துவப் பொருள்களுக்கான ஒரே ஒரு பரிவர்த்தனையை நிறைவேற்றியபின் 2023இல் கலைக்கப்பட்டது.